பாட்டும் ஓடணும், மிளகும் பிரியணும்

போன வாரம் எங்க பழைய கம்பெனியில இருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "மேடம், ரியல் டைம் வசதி இப்ப சாதாரண லினக்ஸ்லயே வந்துடுச்சு. தனியா எதையும் ஒட்ட வேண்டாம். நீங்க அந்தக் காலத்துல என்ன பாடுபட்டீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், புதுசா சேந்தவங்களுக்குக் காட்டணும்"னான். அந்தக் காலமாம்! என்னமோ நான் மாட்டு வண்டியில கம்ப்யூட்டர் ஏத்திக்கிட்டுப் போன மாதிரி. பஸ்ஸுலதான் போனேன், அதுவும் மடியில மானிட்டரை வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு.

சரி, எழுதறேன். ஆனா பாடுபட்ட கதையா எழுத மாட்டேன். நாங்க ஜெயிச்ச கதையா எழுதறேன்.

எங்க அத்தாவுக்கு, எங்க வீட்டுல அப்பாவை அத்தாம்போம், கொல்லிமலை அடிவாரத்துல மிளகு மண்டி. நான் பேசிப் பழகுறதுக்கு முன்னாடியே மிளகைக் கடிச்சுப் பழகினவ. மண்டியில உக்காருன்னு சொன்னாங்க, நான் சேலத்துல எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கப் போனேன். அப்பறம் கொஞ்ச நாள் டிவி ரிப்பேர், கொஞ்ச நாள் யூபிஎஸ் ரிப்பேர். தொண்ணூத்தி ஏழுல தாமோதரன் சார் கம்பெனியில சேந்தேன். கம்பெனின்னா பெருசா நினைச்சுக்காதீங்க. நாமக்கல்ல ஒரு லேத் பட்டறைக்கு மாடியில ரெண்டு ரூம். மண்டி, மில்லு, ஆலைகளுக்குத் தானா வேலை செய்யுற மிஷின் பண்ணிக் குடுக்குற இடம்.

தாமோதரன் சாரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவரு சந்தோஷமா இருந்தா என்னை "கண்ணு"ம்பாரு. கோபம் வந்தா குரல் ஏறாது, மரியாதை ஏறும். "வாங்க மேடம், உக்காருங்க மேடம்"னு ஆரம்பிச்சாருன்னா நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம். இன்னொரு பழக்கம், மிஷின் ஓடும்போது அவரு ஸ்கிரீனைப் பாக்கவே மாட்டாரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நேரா கழிவுக் கூடைகிட்டப் போய்க் குனிஞ்சு நிப்பாரு. "ஸ்கிரீன் நாம சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்லும், கூடை உள்ளதைச் சொல்லும்"பாரு.

அந்தக் கூடை எதுக்குன்னா, நாங்க பண்ணினது மிளகு பிரிக்குற மிஷின். மேலே காஞ்ச மிளகைக் கொட்டினா சரிவான தகடு வழியா மெல்லிசா வழிஞ்சு கீழே விழும். விழுற வழியில ஒரு கேமரா. கல்லு, காம்பு, பூஞ்சை பிடிச்ச மிளகு எதையாவது பாத்துட்டா, அதுக்குக் கொஞ்சம் கீழே இருக்குற சின்னக் குழாய் "புஸ்"ஸுன்னு காத்தை ஊதி அதை மட்டும் கழிவுக் கூடையில தள்ளிடும். பாக்கி நல்ல மிளகு நேரா மூட்டைக்குப் போயிரும். பாக்குறதுக்கும் ஊதறதுக்கும் நடுவுல கண்ணைச் சிமிட்டக்கூட நேரம் கிடையாது. கொஞ்சம் முந்தி ஊதினா முன்னால போற நல்ல மிளகு போச்சு. கொஞ்சம் பிந்தினா பின்னால வர்ற நல்ல மிளகு போச்சு, கல்லு மூட்டைக்குள்ள போயிரும்.

ரியல் டைம்னா வேகம்னு நினைக்கிற ஆளுங்க இன்னிக்கும் இருக்காங்க. வேகம் இல்லைங்க. சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கிறது. அவ்வளவுதான்.

இந்த வேலைக்குன்னே தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வெளிநாட்டுல கிடைச்சுது. அதோட விலையைக் கேட்டாலே தலை சுத்தும். அதனால சார் கடையில கிடைக்கிற சாதாரண கம்ப்யூட்டரை வெச்சே பண்ணிடலாம்னாரு. அப்போ எல்லா ஆபீஸ்லயும் ஓடின ஆபரேட்டிங் சிஸ்டத்துலயே நான் புரோகிராம் எழுதினேன். பட்டறையில ஜோரா ஓடுச்சு.

மலை மேல பல ஊரு சேந்ததை ஒரு நாடும்பாங்க. அதுல வளப்பூர் நாட்டுல பொம்பளைங்க சேந்து ஒரு மிளகுச் சங்கம் வெச்சிருந்தாங்க. அவங்களுக்குத் தலைவி பெருமாயி அக்கா. குட்டையா இருப்பாங்க, குரல் மட்டும் ரெண்டு ஆள் குரல். மிளகைச் சுளகுல போட்டுக் கையால பொறுக்கிப் பொறுக்கி அந்தப் பொம்பளைங்க பாதிப் பேருக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பொறுக்காத மிளகை அப்படியே கீழே வியாபாரிக்குப் போட்டுடலாம், சங்கமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு ஊர்ல ஆம்பளைங்க சொன்னாங்க. அக்கா ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, "மிஷினு வாங்கி நாங்களே சுத்தம் பண்ணி வெளிநாட்டுக்கே அனுப்பறோம், பாருங்க"ன்னு சவால் விட்டவங்க. மிஷின் சொதப்பினா சங்கமும் போகும், அவங்க மானமும் போகும்.

முதல் தடவை அவங்க கொட்டகையில மிஷினை ஓட்டிக் காட்டினப்ப அக்கா கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க, இந்தப் பொட்டியில பாட்டு வருமுங்களா?"

பொறுக்குற பொம்பளைங்களுக்குப் பாட்டில்லாம கை ஓடாது. மலைச் சரிவுக்கு ரேடியோ ஒழுங்கா எடுக்கலை, கொட்டகையில இருந்த டேப் ரெக்கார்டர் ஈரத்துல செத்துப் போயிருந்துச்சு. சார் உற்சாகத்துல, "ஏன் வராது? பேஷா வரும்"னுட்டாரு. நான் பாட்டைப் போட்டேன். அவ்வளவுதான், மிஷினுக்குப் பேய் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. ஒவ்வொரு தடவை பாட்டை டிஸ்க்குல இருந்து எடுக்கும்போதும் ஊதுற நேரம் தப்புச்சு. கழிவுக் கூடையில குண்டு குண்டா நல்ல மிளகு. மூட்டைச் சீட்டு அடிக்கப் பிரிண்டரைப் போட்டா அதுக்கும் மேல.

நான் மெதுவா, "அக்கா, புதுசா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வெச்சுட்டா தீந்துது"ன்னேன்.

"அது தெரியாதா எனக்கு? ஒரு பாட்டுக்கே மூச்சு வாங்குற பொட்டிய நம்பி ஊர் மிளகையே கொட்டச் சொல்றீங்களா கண்ணு?"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. திரும்பி வர்ற பஸ்ஸுல சார், "என்ன மேடம் பண்ணலாம்?"னாரு. மேடம்! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கோளாறு என்னன்னா, சாதாரண ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லா வேலைக்கும் சமமா நடந்துக்கப் பாக்கும். இவனுக்குக் கொஞ்சம், அவனுக்குக் கொஞ்சம்னு நேரத்தைப் பங்கு போடும். ஆபீஸ் வேலைக்கு அது நல்ல குணம். விழுந்துக்கிட்டு இருக்குற மிளகுக்கு அது ஆகாது. அந்த நேரத்துலதான் லினக்ஸ்ங்கிற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஒட்டிக்கிற ரியல் டைம் புரோகிராம் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு, சேலத்துல ஒரு கல்லூரி இன்டர்நெட்டுல உக்காந்து இறக்கினேன். அதுல யோசனை ரொம்ப அழகு. லினக்ஸுக்கு அடியில ஒரு குட்டிக் கருவை, அதாவது சின்னக் கெர்னல் புரோகிராமை, நுழைச்சிருவாங்க. அவசர வேலையெல்லாம் அந்தக் குட்டி பாத்துக்கும். மொத்த லினக்ஸும், அதுமேல ஓடுற பாட்டு, பிரிண்டர் எல்லாமும், குட்டிக்கு வேலை இல்லாத நேரத்துல மட்டும்தான் ஓடும். குட்டி கூப்பிட்டா லினக்ஸ் அப்படியே நின்னு வழி விடணும்.

புரோகிராமை மறுபடி முதல்ல இருந்து எழுதினேன். ஊதற வேலை குட்டிக்கு, மத்ததெல்லாம் லினக்ஸுக்கு. பட்டறையில பாட்டு போட்டோம், பிரிண்டர் போட்டோம், பெரிய பெரிய ஃபைலா காப்பி பண்ணினோம். ஒரு மிளகு தப்பலை. சார் கூடைகிட்ட ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னுட்டு நிமிந்து, "கண்ணு, டீ சொல்லு"ன்னாரு. எனக்குப் பட்டம் குடுத்த மாதிரி இருந்துச்சு.

மலைக்குக் கொண்டு போனோம். அக்காவுக்கு விளக்கணுமே. "அக்கா, மலை ரோட்டுல ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி நின்னு வழி விடணும்ல? மிளகு வேலை ஏறுற வண்டி. பாட்டு, பிரிண்டர் எல்லாம் இறங்குற வண்டி. ஏறுற வண்டி எப்ப வந்தாலும் மத்தது ஒதுங்கிரும்"னேன்.

அக்கா விடலை. "சரி சாமி. ரோட்டுக்கு நடுவுல மாடு படுத்துக்கிட்டா?"

கொட்டகையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். "கம்ப்யூட்டருக்குள்ள ஏதுக்கா மாடு?"ன்னு சொல்லிட்டு ஜம்பமா பஸ் ஏறிட்டேன்.

பத்து நாள் போகலை, சங்கத்துல இருந்து ஆள் விட்டாங்க. நல்ல மிளகு கூடையில விழுதாம். நானும் சாரும் அடிச்சுப் பிடிச்சு ஓடினோம். நான் போய் உக்காந்து கீபோர்டைத் தட்டினேன், மிஷின் தங்கமா ஓடுச்சு. கூடையில கல்லும் காம்பும்தான். மத்தியானம் வரைக்கும் இருந்தோம், ஒரு குறை இல்லை. ஊர் வந்து சேந்த மறுநாளே மறுபடி ஆள். மறுபடி போனோம், மறுபடி தங்கம்.

"உங்களைக் கண்டா பொட்டிக்குப் பயமுங்க. நீங்க பஸ் ஏறினதும் அது பாட்டுக்கு ஆடுது"ன்னாங்க அக்கா. முகத்துல சிரிப்பு இல்லை. ஊர்ல ஏற்கெனவே பேச ஆரம்பிச்சுட்டாங்க, பொம்பளைங்க பொம்மை வாங்கி வெச்சுப் பொங்கல் வெக்குறாங்கன்னு. அதைச் சொல்லும்போது அவங்க குரல் முதல் தடவையா இறங்குச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

கரண்டைச் சந்தேகப்பட்டேன், ஈரத்தைச் சந்தேகப்பட்டேன், எலியைக்கூட விட்டு வெக்கலை. சார்கிட்ட இருந்து, "அப்படீங்களா மேடம், பாருங்க மேடம்." அவ்வளவுதான் பேச்சு.

இதுக்கு நடுவுல ஏற்றுமதிக்காரரோட தரம் பாக்குற ஆளு வர்றதா சேதி வந்துச்சு. அவரு வந்து மிஷின் ஓடுறதை நேர்ல பாத்து, மூட்டையில கை விட்டுப் பாத்து, சரின்னா சங்கத்துக்கு ஆர்டர். இல்லேன்னா கீழே வேற மில்லுக்கு. அவரு வர்ற அன்னிக்குக் காலையில முதல் பஸ்ஸுலயே நாங்க ரெண்டு பேரும் போய் இறங்கிட்டோம். அவரு மத்தியான பஸ்ஸுல வர்றாரு.

கொட்டகையைக் கழுவி விட்டு, வாசல்ல கோலம் போட்டிருந்தாங்க. கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு. ஓட விட்டுப் பாத்தேன், பிரமாதம். கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த என்கிட்ட அக்கா ஒரு தட்டுல அரிஞ்ச பலாப்பழத் துண்டைக் கொண்டாந்து நீட்டினாங்க. "தின்னு கண்ணு, மொகம் வாடிக் கெடக்குது. ஆவறது ஆவட்டும்."

கொல்லிமலைப் பலா. வேண்டாம்னு சொல்ல நான் என்ன கல்லா? துண்டைக் கையில எடுத்து, நானே சுளையைப் பிச்சுப் பிச்சுத் தின்னேன். ரெண்டு கையும் பால் ஒட்டி விரல் விரலோட பிசுபிசுன்னு. மிஷின் ஓடிக்கிட்டே இருக்கு, பாட்டு பாடிக்கிட்டே இருக்கு. நான் கீபோர்டுகிட்டப் போகலை. பலாப் பாலோட தொட்டா அந்தக் கீபோர்டு அதுக்கப்பறம் எதுக்கு ஆகும்? என் கை அழுக்கா இருக்கேன்னு ஒரு பொண்ணு வந்து, மடிச்சு வெச்சிருந்த மஞ்சத் துணியை எடுத்துக் கீபோர்டு மேல போத்தி விட்டா.

"தெனமும் இப்படித்தான் போத்துவீங்களா?"ன்னு சும்மா கேட்டேன்.

"ஆமாங்க. பொழப்புக் குடுக்குற பொட்டி இல்லீங்களா? காலையில கை கால் கழுவிட்டு வந்து சுவிட்ச் போடுவோம், பாட்டைப் போடுவோம், துணியைப் போத்திருவோம். பொழுது சாயற வரைக்கும் ஒருத்தர் கை படாதுங்க"ன்னா.

அவ சொல்லி முடிக்கலை, சார் கூடைகிட்ட இருந்து, "மேடம்"னாரு.

எட்டிப் பாத்தேன். கூடையில நல்ல மிளகு பொலபொலன்னு விழுது. என் கண்ணு முன்னால! இத்தனை நாள் ஒளிஞ்சு விளையாடினது அப்பத்தான் தலையைக் காட்டுச்சு. நான் இருந்தா ஏன் கெடலை? நான் இருந்தா தட்டிக்கிட்டே இருப்பேன். பட்டறையிலயும் யாராவது ஒருத்தர் தட்டிக்கிட்டே இருப்போம். இவங்க தொடவே மாட்டாங்க. ஆபீஸ்ல கம்ப்யூட்டரைத் தொடாம விட்டா அது என்ன நினைக்கும்? யாரும் இல்லை போலன்னு நினைக்கும். கரண்டை மிச்சம் பண்ணத் தூங்கப் போகும்!

"அக்கா, மாடு! மாடு கிடைச்சிருச்சு!"ன்னு கத்தினேன்.

பாவம், ரெண்டு பேரு நிசமாவே வாசலுக்கு ஓடினாங்க.

விஷயம் இதுதான். லினக்ஸுக்கு அடியில போய் எங்க குட்டி உக்காந்துச்சு. எங்களுக்கும் அடியில ஒருத்தன் உக்காந்திருந்தான். மதர்போர்டுலயே பதிச்சு வர்ற புரோகிராம், கம்ப்யூட்டரை உசுப்பி விடுமே, அந்த பயாஸ். கீபோர்டும் மவுஸும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா, யாரையும் கேக்காம பிராசசரோட வேகத்தைக் குறைச்சிரும். லினக்ஸுக்கும் தெரியாது, எங்க குட்டிக்கும் தெரியாது. ஏதாவது ஒரு விசையைத் தொட்டா உடனே முழிச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடும். சார் துணியை எடுத்துட்டு ஒரு விசையைத் தொட்டதும் அது நல்ல பிள்ளை ஆயிருச்சு.

"நிப்பாட்டுங்க மிஷினை!"ன்னேன். கையைப் பாத்தா பலாப் பால். "எண்ணெய், எண்ணெய்!" அக்கா தேங்காயெண்ணெயை அப்படியே கையில கவுத்தாங்க. தேய்ச்சு, சாம்பல் போட்டுக் கழுவி, கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டு, பயாஸுக்குள்ள நுழைஞ்சேன். கரண்டு மிச்சம் பண்ற பகுதியில எல்லாத்தையும் ஒண்ணு விடாம நிறுத்தினேன். வெளியில பஸ் ஹாரன் கேட்டுச்சு. தரம் பாக்குறவரு வந்துட்டாரு.

ஒல்லியான மனுசன். கையில ஒரு பொட்டலம். அதுல அவரே கொண்டாந்த பொடிக் கல்லு, காம்பு, கெட்ட மிளகு. ஒரு மூட்டை மிளகுல அதைக் கொட்டிக் கலக்கி, "இதை ஓட்டுங்க"ன்னாரு.

மிஷினை ஓட விட்டோம். நான் மஞ்சத் துணியை எடுத்து என் கையாலயே கீபோர்டு மேல போத்தினேன். "யாரும் தொடாதீங்க. நானும் தொட மாட்டேன்"னு சொல்லிட்டு நகந்து நின்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அப்பறம் அவங்களே, "பாட்டைப் போட்டாச்சு. சீட்டும் அடிங்க. எல்லாம் ஒண்ணா ஓடட்டும்"னு உத்தரவு போட்டாங்க. பிரிண்டர்தான் கிர்ர் கிர்ருன்னு இழுத்துச்சு, பாட்டு அதுக்கு மேல ஏறிப் பாடுச்சு.

என் வேலை வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான், சும்மா நிக்கிறது. பொட்டி தூங்கப் போற நேரம் தாண்டணும். வந்தவருக்குச் சுக்குக் காப்பி குடுத்தாங்க. அவரு மெதுவா ஊதி ஊதிக் குடிச்சாரு. குடிங்கய்யா, இன்னும் மெதுவா குடிங்கன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். வாய் தன்னால ஓதிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல பெருமாயி அக்கா மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேரு வேண்டுதலும் ஒரே கூடைக்குத்தான்.

தம்ளரை வெச்சுட்டு அவரு மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டாரு. அள்ளினாரு, வெள்ளைத் துணியில பரப்பினாரு, விரலால தள்ளித் தள்ளிப் பாத்தாரு. மறுபடி அடியில இருந்து அள்ளினாரு. அப்பறம் எங்க சார் மாதிரியே கழிவுக் கூடைகிட்டப் போய்க் குனிஞ்சாரு. ரெண்டு பேரும் தலையோட தலை முட்டுற மாதிரி குனிஞ்சு நின்னாங்க. 

அவரு நிமிந்து பெருமாயி அக்காகிட்ட, "அம்மா, முதல் லோடு எப்ப அனுப்பறீங்க?"ன்னாரு.

அக்கா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. அழுதாங்களா சிரிச்சாங்களான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. மத்த பொம்பளைங்க குலவை போட்டதுல பாட்டே அமுங்கிப் போச்சு. நான் மூட்டை மேலயே சாஞ்சுட்டேன். அல்ஹம்துலில்லாஹ்ன்னு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு.

அந்த மிஷின் அதுக்கப்பறம் பல வருஷம் அதே கொட்டகையில, அதே சாதாரண கம்ப்யூட்டர்ல ஓடுச்சு. ஆலத்தூர் நாட்டுல இருந்துகூட மிளகைக் கொண்டாந்து சுத்தம் பண்ணிட்டுப் போனாங்க, ஊர்ல பொம்மைன்னு சிரிச்ச ஆம்பளைங்கதான் மூட்டை தூக்கிக்கிட்டு வந்தாங்க. அதனால தம்பி, ரியல் டைம் இப்ப சாதாரண லினக்ஸ்லயே வந்துடுச்சுன்னா ரொம்ப சந்தோஷம். பயாஸையும் ஒருக்கா பாத்துக்க.

அன்னிக்குக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நடந்ததைச் சொல்லி முடிச்சுடறேன். குலவைச் சத்தம் அடங்கலை. தாமோதரன் சார் கூடைகிட்ட இருந்து கையைப் பின்னால கட்டிக்கிட்டே என்கிட்ட வந்தாரு. "மேடம்"னாரு.

 இன்னும் என்ன தப்பு மிச்சம் இருக்குன்னு கூடையைப் பாத்தேன். சுத்தமாத்தான் இருந்துச்சு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு.

"ஒண்ணுமில்லீங்க மேடம். பாட்டு கேக்கலை. இன்னும் கொஞ்சம் சத்தமா வையுங்க."